மண்ணுக்கு மருத்துவம் நடக்கட்டும். மக்களுக்கு நல்ல தண்ணீர் இன்றே வரட்டும்

சிறுநீரகப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் மருந்தையும் உணவையும் பற்றியவை. வாழைப்பழம் சாப்பிடலாமா, உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும், கிரியாட்டினின் ஏன் கூடியது என்பவை அன்றாடம் வருபவை. சில மாதங்களுக்கு முன், பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தம் தந்தையை அழைத்து வந்திருந்த ஒரு பெண்மணி கேட்ட கேள்வி வேறு வகையானது. கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமீது வைத்தார். அதில் இருந்த கிணற்று நீர் இளமஞ்சள் நிறமாக இருந்தது.

"டாக்டர், நஞ்சைத் தின்கிற பாக்டீரியா இருக்கிறதாமே? பொடியாகவே விற்கிறார்களாம். அதை வாங்கிக் கிணற்றில் போட்டால், அப்பா பழையபடி இந்தத் தண்ணீரையே குடிக்கலாமா?"

வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். "வேண்டாம் அம்மா, இந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அறிவுரை சரியானதுதான். ஆனால் அவருடைய கேள்விக்கு அது விடையாகாது. அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. தொழிற்சாலை நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் பாக்டீரியாக்கள் மெய்யாகவே உள்ளன. அவை நம் மண்ணிலேயே வாழ்கின்றன. மறுபாதிதான் தவறு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நச்சுக் கழிவால் கெட்ட நிலத்தையும் நீரையும் தேற்ற இயற்கையான பாக்டீரியாக்களைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு அரசும் தொழிற்சாலைகளும் செலவிட வேண்டும். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் மருத்துவம். "பாக்டீரியா வந்து சுத்தம் செய்துவிடும்" என்னும் நம்பிக்கை, இன்று ஒரு குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய நல்ல தண்ணீரைத் தள்ளிப்போடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது.

கிருமி என்றாலே பகையன்று

மருத்துவமனையில் பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டாலே அச்சம் வருவது இயல்பு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, டயாலிசிஸ் குழாயில் வரும் தொற்று ஆகியவற்றின் வழியாகவே நம் நோயாளிகள் அவற்றை அறிந்திருக்கிறார்கள். அவ்வாறு நோய் தருபவை மிகச் சிலவே. மற்றவை மக்கிய இலையை எருவாக்குகின்றன, பாலைத் தயிராக்குகின்றன, நம் குடலில் இருந்துகொண்டு செரிமானத்துக்கு உதவுகின்றன.

மருத்துவமனைகளிலும் அவை பணியாற்றுகின்றன. பெரிய மருத்துவமனைகள் பலவற்றின் பின்புறத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கும். அங்கே தொட்டிகளில் காற்று கொப்புளித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அந்தக் காற்று உள்ளே வாழும் பாக்டீரியாக்களுக்கானது. காற்றைப் பெற்றுக்கொண்டு அவை கழிவை உண்டு தீர்க்கின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1914ஆம் ஆண்டு விளக்கிக் காட்டப்பட்ட இம்முறை, நூறாண்டுக்கு மேலாக உலகெங்கும் நடைமுறையில் உள்ளது.

தொழிற்சாலை நஞ்சுகளிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1989ஆம் ஆண்டு அலாஸ்காவில் ஓர் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கடற்கரைக் கற்களில் படிந்த எண்ணெயை அகற்ற, அங்கே வெளியிலிருந்து பாக்டீரியாவைக் கொண்டுவந்து கொட்டவில்லை. எண்ணெயை உண்ணும் பாக்டீரியாக்கள் அக்கரையிலேயே இருந்தன. அவற்றுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் போதவில்லை. எனவே கரையில் உரம் இட்டார்கள். எண்ணெய் சிதையும் வேகம் கூடியது. வயலுக்கு உரமிடும் நம் உழவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. இந்தியாவிலும் எண்ணெய்க் கசடைச் சிதைக்கும் பாக்டீரியாத் தொகுப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, எண்ணெய் நிறுவனங்களின் கழிவுகளில் பயன்படுத்தப்பட்டு வருகிறது.

எண்ணெய் வேறு, உலோகம் வேறு

ஆனால் பாலாற்றங்கரையின் சிக்கல் எண்ணெயன்று. குரோமியம் என்னும் உலோகம். எண்ணெயைப் பாக்டீரியா உண்டுவிட்டால் அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறி, எண்ணெய் என்ற பொருளே இல்லாமல் போகும். உலோகத்தை எந்த உயிராலும் தின்று தீர்க்க முடியாது. அது எங்கேனும், ஏதேனும் ஒரு வடிவில் இருந்தே தீரும். "நஞ்சைத் தின்றுவிடும்" என்ற பேச்சு தவறுவது இங்கேதான்.

அப்படியானால் பாக்டீரியா என்ன செய்கிறது? குரோமியம் நம் சூழலில் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் உள்ளது. வேதியியலார் அவற்றை மூவிணைதிறன் குரோமியம், ஆறிணைதிறன் குரோமியம் என்பர். நாம் எளிமையாகக் குரோமியம்-3, குரோமியம்-6 என்று அழைப்போம். இரண்டும் ஒரே உலோகம்தான். ஆனால் நடத்தை முற்றிலும் வேறு.

குரோமியம்-3 பெரும்பாலும் நீரில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், உடலின் உயிரணுக்களுக்குள் எளிதில் புகாது. குரோமியம்-6 நீரில் நன்றாகக் கரையும். நிலத்தடி நீரோடு ஊர்விட்டு ஊர் செல்லும். அதன் உருவ அமைப்பு நம் உடலுக்குத் தேவையான சல்பேட் உப்பை ஒத்திருப்பதால், உயிரணு அதைச் சல்பேட் என்று எண்ணித் தன் வாயிலைத் திறந்துவிடுகிறது. உள்ளே சென்றபின் அது மரபணுவைச் சிதைக்கிறது. அதன் தூசியையும் ஆவியையும் ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவது உறுதி செய்யப்பட்ட உண்மை. தோலில் ஆறாத புண், மூக்கின் நடுத்தண்டில் துளை ஆகியவையும் இத்தொழிலின் பழைய நோய்கள். பெருமளவில் உட்கொண்டால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும்.

சில மண் பாக்டீரியாக்கள் தம் உணவிலிருந்து பெறும் எலக்ட்ரான்களில் மூன்றைக் குரோமியம்-6க்குக் கொடுத்து, அதைக் குரோமியம்-3 ஆக்கிவிடுகின்றன. நீரில் அலைந்த நஞ்சு மண்ணில் படிந்து அடங்குகிறது. 1977ஆம் ஆண்டு சோவியத் ஆய்வாளர்கள் குரோமியக் கழிவுநீரிலிருந்தே இத்தகைய பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதன்பின் பல நாடுகளில் இத்திறன் கொண்ட இனங்கள் கண்டறியப்பட்டன. தோல் தொழிற்சாலைக் கழிவிலும் அத்தகையவை வாழ்கின்றன. நஞ்சு உள்ள இடத்திலேயே அதற்குப் பழகிய உயிரும் உருவாகிறது.

இம்முறையின் சிறப்பை எங்கள் டயாலிசிஸ் நோயாளிகள் எளிதில் உணர்வார்கள். உங்கள் வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் உலோகத்தையும் பிரித்து, ஒரு குழாயில் நல்ல நீரையும் மறு குழாயில் கழிவு நீரையும் தருகிறது. பிரித்த உலோகம் முழுவதும் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. அது சாக்கடைக்குப் போகிறது. அங்கிருந்து மீண்டும் மண்ணுக்கு. வடிகட்டுவதால் நஞ்சு இடம் மாறுகிறது. பாக்டீரியாவோ நஞ்சின் தன்மையையே மாற்றுகிறது. நாங்கள் இம்முறையை ஆதரிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ராணிப்பேட்டையில் கிடக்கும் மலை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களுக்குத் தோல் தொழில் வாழ்வளித்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எங்களிடம் வருவோரில் பலர் அத்தொழிலில் உழைத்தவர்கள். தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3 உப்பு. ஆனால் அந்த உப்பைத் தயாரிக்க, முதலில் தாதுவிலிருந்து குரோமியம்-6 வடிவிலான குரோமேட்டை உண்டாக்க வேண்டும். ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் அவ்வாறு குரோமேட் தயாரித்து வந்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றது; கழிவு நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு அங்கே குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதில் ஒரு பங்கைக் கரைத்து மஞ்சள் நீராக மண்ணுக்குள் இறக்கியது.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு உறுதிப்படுத்தியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மைல்கல்லான தீர்ப்பு அது. பாலாற்றுப் பகுதியின் துயரத்திலிருந்துதான் அது பிறந்தது என்பதை நம் மாவட்டத்தவர் பலர் அறியார்.

கழிவைச் சேர்த்துவைத்துக் காலம் கடத்துவது எத்தகைய ஆபத்து என்பதை வேறொரு நிகழ்வும் காட்டியது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுக் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அடுத்திருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கசடில் மூழ்கி உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

இத்தகைய குவியலின்மேல் பாக்டீரியாவைத் தெளித்தால் போதுமா? போதாது. குரோமேட் ஆலைக் கழிவு பொதுவாகக் கடும் காரத்தன்மை உடையது. அதில் நஞ்சின் செறிவும் மிகுதி. அந்நிலையில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பிழைக்கவே மாட்டா. சீழ்க்கட்டியோடு வரும் நோயாளிக்கு நாங்கள் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. சீழ் தேங்கிய இடத்துக்குள் மருந்து போதிய அளவு சென்று சேராது. முதலில் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றுவோம். சுற்றிப் பரவியிருப்பதற்கே மருந்து. இங்கும் அப்படித்தான். குவியலை அகற்றவோ, மழைநீர் புகாதபடி அடைத்து மூடவோ, வேதிமுறையில் செயலிழக்கச் செய்யவோ வேண்டும். அதன்பின், நிலத்தடியில் பரந்து மெலிந்து ஓடும் குரோமியத்தைப் பிடிப்பதற்குத்தான் பாக்டீரியா ஏற்றது. பிற முறைகளால் எளிதில் எட்ட முடியாத இடமும் அதுவே.

ஹிங்க்லி ஊர் கற்பித்த பாடம்

நிலத்தடி நீரில் கலந்த குரோமியத்தைப் பாக்டீரியாவைக் கொண்டு சீர்செய்த ஊர் ஒன்று அமெரிக்காவில் உள்ளது. கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் உள்ள ஹிங்க்லி என்ற சிற்றூர் அது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'எரின் பிராக்கோவிச்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வூர் நினைவிருக்கும். அங்கே இயற்கை எரிவாயு அழுத்த நிலையம் ஒன்று, 1950களிலும் 1960களிலும் தன் குளிர்விப்புக் கோபுரங்கள் துருப்பிடிக்காமலிருக்கக் குரோமியம்-6 கலந்த நீரைப் பயன்படுத்தியது. பயன்படுத்திய நீரை, அடியில் தடுப்பு ஏதும் இல்லாத குட்டைகளில் விட்டது. அது ஊரின் நிலத்தடி நீரில் கலந்தது. ஊர்மக்கள் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு நிறுவனம் 33.3 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

திரைப்படம் அத்துடன் முடிந்துவிடுகிறது. மண்ணின் சிகிச்சை அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. நிலத்தடியில் கிணறுகள் வழியே எத்தனால் செலுத்தப்பட்டது. எத்தனால் குரோமியத்துக்கு மருந்தன்று. அங்கே ஏற்கெனவே வாழும் பாக்டீரியாக்களுக்கு உணவு. உணவு கிடைத்ததும் அவை பெருகின. சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தீர்த்தன. பின் குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கத் தொடங்கின. ஊரின் மறுபுறத்தில், மாசடைந்த நீரை இறைத்துக் கால்நடைத் தீவனமான குதிரைமசால் வயல்களுக்குப் பாய்ச்சினார்கள். வேர்ப்பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் மக்கிய பொருள்களும் குரோமியத்தை மண்ணிலேயே பிடித்து நிறுத்தின. வெளியூர்ப் பாக்டீரியாவோ பொடியோ எங்கும் தேவைப்படவில்லை.

இதிலிருந்து நாங்கள் கற்றுக்கொள்ளும் பாடங்கள் மூன்று.

முதலாவது, காலம். பல ஆண்டுகளாகியும் அங்கே பணி முடியவில்லை. நீண்ட காலத்துக்குத் தொடர வேண்டியது என்று அறிந்தே அதைத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, பக்கவிளைவு. ஆக்சிஜன் தீர்ந்த நிலத்தடியில், மண்ணில் அமைதியாகக் கிடந்த மாங்கனீசும் ஆர்செனிக்கும் நீரில் கரையக்கூடும். இக்கவலை ஹிங்க்லியிலும் எழுந்தது. எனவே எண்ணற்ற கண்காணிப்புக் கிணறுகளைத் தோண்டி, நீரை இடைவிடாது சோதித்து வருகிறார்கள். பக்கவிளைவே இல்லாத மருந்து மண்ணுக்கும் கிடையாது. குரோமியம்-3 ஆகப் படிந்ததும், மண்ணிலுள்ள சில மாங்கனீசுச் சேர்மங்களால் ஓரளவு மீண்டும் குரோமியம்-6 ஆகலாம். ஆகவே "ஒருமுறை சுத்தம் செய்தோம், முடிந்தது" என்று கோப்பை மூடிவிட முடியாது. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதத்துக்கொருமுறை பரிசோதனை போல, மண்ணுக்கும் தொடர் பரிசோதனை வேண்டும்.

மூன்றாவது பாடமே எங்களை மிகவும் பாதித்தது. நிலத்தடி நீர் மெல்ல மெல்லத் தேறி வந்தது, ஊர் தேறவில்லை. வீடுகளை நிறுவனத்துக்கே விற்றுவிட்டுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. பிள்ளைகள் குறைந்து, ஊர்ப் பள்ளி 2013ஆம் ஆண்டு மூடப்பட்டது. மண்ணின் சிகிச்சை எவ்வளவு திறமையாக நடந்தாலும், மக்களின் தண்ணீரையும் நலத்தையும் அச்சத்தையும் தொடக்கத்திலேயே கவனிக்காவிட்டால், சுத்தமான நிலத்தில் வாழ ஆளிருக்கமாட்டார்கள்.

நாங்கள் கேட்பது

பாக்டீரியா முறையை ஐயத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. ஆய்வகக் குடுவையில் நடப்பது வெளியில் நடக்காது என்பார்கள். அந்த ஐயத்தில் நியாயம் இருக்கிறது. குடுவையில் வெப்பமும் உணவும் ஒரே சீராக இருக்கும். மண்ணில் இரண்டடிக்கு ஒரு குணம். அதனால்தான் ஒவ்வோர் இடத்துக்கும் தனிச் சோதனை தேவை. ஆனால் அதற்காக முறையையே ஒதுக்குவது, ஒரு நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை எல்லா நோயாளிக்கும் மறுப்பது போலாகும்.

அதைவிட எங்களுக்கு அச்சமூட்டுபவர்கள் மறுபக்கத்தினர். எல்லா நஞ்சுக்கும் ஒரே பொடி என்று விற்பவர்களும், "தொழில்நுட்பம் வருகிறது, பொறுங்கள்" என்று கூறி ஆண்டுகளைக் கடத்துபவர்களும் அவர்கள். நோய் எது என்று அறியாமல் மருந்து கொடுப்பதை மருத்துவத்தில் எவரும் ஏற்பதில்லை. மண்ணுக்கு மட்டும் அதை எப்படி ஏற்பது?

எனவே வரிசை மாறக் கூடாது என்பதே எங்கள் வேண்டுகோள். குரோமியம் கலந்த நீர் உள்ள ஊருக்கு முதல் நாளே பாதுகாப்பான குடிநீர் வேறிடத்திலிருந்து வர வேண்டும். அடுத்து, கசியும் மூலத்தை அடைக்க வேண்டும். அதன்பின் பாக்டீரியாவைக் கொண்டு நிலத்தடி நீரைத் தேற்ற வேண்டும். இறுதிவரை நீரின் சோதனை முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரும் படிக்கும்படி தமிழில் ஒட்ட வேண்டும். செலவு, தீர்ப்பு கூறியபடி, மாசுபடுத்தியவருடையது.

நோயாளிகளும் குடும்பத்தினரும் கவனிக்க வேண்டியவை

பாட்டிலோடு வந்த பெண்மணி கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். "அப்பாவுக்கு இந்தத் தண்ணீரால்தான் கிட்னி போயிற்றா?" எங்களால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. அவருக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மையான காரணங்கள் இன்றும் அவ்விரண்டே. தனி ஒருவரின் நோயை ஒரு கிணற்றின்மேல் சுமத்துவது மருத்துவத்தில் எளிதன்று. ஆனால் அது நிரூபிக்கப்படும்வரை அந்த நீரைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. பழுதுபட்ட சிறுநீரகத்துக்கு மேலும் ஒரு சுமை எதற்கு?

ஆகவே, தொழிற்சாலைப் பகுதிகளிலிருந்து வருவோர் கீழ்க்கண்டவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் நோய்க்கிருமிகள் சாகும், குரோமியம் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மஞ்சள் நிறம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் அளவு இதைவிடப் பல மடங்கு கூடிவிட்டதென்று பொருள். நிறமற்ற நீரும் வரம்பைத் தாண்டியிருக்கலாம். சோதனை ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை அணுகி, குரோமியச் சோதனை வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வழக்கமான சோதனையில் அது சேராமல் போகலாம்.

கிணற்றிலோ தொட்டியிலோ எந்த நுண்ணுயிர்ப் பொடியையும் நீங்களாகப் போடாதீர்கள். நிலத்தடி நீர் ஓடிக்கொண்டே இருப்பது. இன்று போட்டது நாளை அங்கே இராது. குடிக்கும் நீரில் இனம் தெரியாத பாக்டீரியாவைச் சேர்ப்பது, எதிர்ப்பாற்றல் குன்றிய நோயாளிக்கும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கும் தனி ஆபத்து.

தோல் துண்டுகளையும் தோல் கழிவையும் அடுப்பில் எரிக்காதீர்கள். தீயின் வெப்பத்தில் குரோமியம்-3 மீண்டும் குரோமியம்-6 ஆக மாறக்கூடும். புகையிலும் சாம்பலிலும் அது வீட்டுக்குள் வரும்.

எங்கே, என்ன வேலை, எத்தனை ஆண்டு என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள். ஆறாத தோல் புண்ணும் அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிவதும் சில வேளை அந்த விடையில்தான் விளங்கும்.

மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். கழிவுநீரைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களை அவை பாதிக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றவும் வழி செய்யலாம். என்ன செய்வதென்று மருந்தகத்தில் கேளுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஒரு சொல். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால், உங்கள் இரத்தத்தை அடுத்து ஓடுகிறது. வாரம் மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாளொன்றுக்கு 2 லிட்டர் குடிக்கும் மனிதர் வாரத்தில் சந்திப்பதோ 14 லிட்டர்தான். அதனால்தான் அந்த நீரைப் பல கட்டங்களில் தூய்மையாக்கி, விடாமல் சோதிக்கிறோம். தண்ணீரில் கரைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதை எங்கள் பிரிவு ஒவ்வொரு நாளும் நினைவில் வைத்தே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதே கவனம் ஊர்க் கிணற்றுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

அந்தப் பெண்மணி அடுத்த மாதம் மீண்டும் வந்தார். இம்முறை கையில் பாட்டில் இல்லை; மடித்த ஒரு தாள் இருந்தது. தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள். குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தது. அதன் நகலை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்திருப்பதாகவும், இப்போதைக்குக் கேன் தண்ணீர் வாங்குவதாகவும், மாதச் செலவு கையைக் கடிப்பதாகவும் சொன்னார். "பாக்டீரியா எப்போது டாக்டர் வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவை ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன என்று சொன்னோம். அவற்றுக்கு வேலை கொடுக்க வேண்டியவர்கள்தான் வர வேண்டும். அதுவரை ஒரு குடும்பம் தன் நல்ல தண்ணீருக்குத் தானே விலை கொடுத்துக்கொண்டிருப்பது நியாயமன்று. சோதனை முடிவை அவருடைய தந்தையின் மருத்துவக் கோப்பில் சேர்த்திருக்கிறோம். உங்கள் கிணற்று நீரின் சோதனைத் தாள் இருந்தால், அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் அதையும் எடுத்து வாருங்கள்.

(சிறுநீரகவியல் பிரிவு மருத்துவர். இக்கட்டுரை பொது விழிப்புணர்வுக்கானது. உங்கள் சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவருடன் கலந்து பேசியே எடுக்கவும்.)